இளநரை: மறைப்பது பொய்யா?



போன வருடம் நம் ஞாயிறு சமய வகுப்பில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சின்னது என்று அன்று நினைத்தேன். சின்னது இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

நம் மன்றத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் ஒரு தம்பி இருக்கிறான். வயது 21. நல்ல குரல். ஆனால் முன்தலையிலும் காதோரத்திலும் முடி நன்றாகவே நரைத்துவிட்டது. அன்று வகுப்பு முடிந்து பிள்ளைகளுக்கு மைலோ ஊற்றிக்கொண்டிருந்தோம். எட்டு வயதுப் பையன் ஒருவன் அவனைப் பார்த்து, "தாத்தா, எனக்கு இன்னொரு கப்!" என்றான். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். அதனால் விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வாட்சாப்பில் கேட்டால், "ஓவர்டைம்ணே" என்று ஒரே வரி. மூன்றாவது வாரம் மோட்டாரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வந்து கேட்டைத் திறந்தான். வீட்டுக்குள் யாரும் தொப்பி போடுவார்களா? அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

உட்கார்ந்து பேசினோம். நானும் சமய வகுப்பு எடுக்கிறவன் அல்லவா, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். "தம்பி, உடம்பு நாம இல்ல. உடம்பு ஒரு சட்டை மாதிரி. ஆன்மாவுக்கு நரை ஏது, திரை ஏது? இதுக்கெல்லாம் போய் மனசு ஒடையலாமா?"

அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு மெதுவாகத்தான் கேட்டான்:

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்க டை அடிச்சிட்டுத்தானே இத சொல்றீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில். ஒரு வருடம் தாமதம்.

வெட்கப்படுவதற்கும் வெட்கம்

அவன் சொன்னது உண்மை. எனக்கு முதல் நரை வந்தது 19 வயதில். யூனிவர்சிட்டி ஹாஸ்டலில் கூட இருந்த நண்பன்தான் முதலில் பார்த்தான். "டேய், உனக்கு வெள்ள முடிடா!" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். முதலில் பிடுங்கினேன். பிடுங்கித் தீராத அளவுக்கு வந்ததும் டை வாங்கினேன். அன்றிலிருந்து 12 வருடம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பழைய டீ-சட்டையைப் போட்டுக்கொண்டு, இந்த வேலை நடந்தது. டை பெட்டியை அப்படியே குப்பையில் போட மாட்டேன். கிழித்து, பத்திரிகைத் தாளில் சுற்றித்தான் போடுவேன். காது மடலில் கறுப்பு ஒட்டிக்கொண்டால் தோல் சிவக்கும் வரை தேய்ப்பேன்.

நம் வீட்டுப் பெண்கள் இதைப் பற்றி எவ்வளவு எளிதாகப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அக்காவும் அத்தையும் ஹாலில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி மருதாணி பூசிக்கொள்வார்கள். "உனக்கு எது நல்லா பிடிக்குது?" என்று கேட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கும் வருத்தம் உண்டு. ஊர் அவர்களைச் சும்மா விடுவதும் இல்லை. ஆனால் பேசுவதற்கு ஆள் இருக்கிறது. ஆண்களுக்கு அது இல்லை. "ஆம்பளைக்கு என்னடா அழகு?" என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்தது. அதனால் நரைத்ததற்கு ஒரு வெட்கம். அதற்காக வருத்தப்படுகிறோமே என்று இன்னொரு வெட்கம். இந்த இரண்டாவது வெட்கம்தான் கதவைத் தாழ்ப்பாள் போட வைக்கிறது.

உண்மையில் அந்த வருத்தம் எதைப் பற்றியது? "பொண்ணு கிடைக்காது" என்பது ஒரு பகுதி. அதை விட ஆழமாக ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். 60 வயதில் நரைத்தவர் வாழ்ந்து நரைத்தவர். 20 வயதில் நரைத்தவனுக்கு, செய்யாத செலவுக்குப் பில் வந்த மாதிரி இருக்கும். இன்னும் எதையும் தொடங்கவே இல்லை. அதற்குள் "முடிந்துவிட்டது" என்று யாரோ தலையில் எழுதிய மாதிரி. எல்ஆர்டியில் ஒரு பள்ளி மாணவி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். டை அடிக்கத் தவறிய ஒரு வாரம் அது. அவள் செய்தது நல்ல காரியம். நான் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். அப்போது எனக்கு வயது 26.

"இப்போ இதுதான் ஸ்டைல், தல மாதிரி இருக்கு" என்று ஆறுதல் சொல்வார்கள். அஜித் 'மங்காத்தா'வில் நரைத்த தலையோடு வந்தது 2011இல். அப்போது அவருக்கு வயது 40. நாற்பதில் அது கம்பீரம். இருபத்தொன்றில் வேறு. ஆறுதல் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஊர் சொல்லும் காரணங்கள்

நரைத்த இளைஞனைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரு காரணம் தெரியும். "ரொம்ப யோசிக்கிறியா?" "ராத்திரி கண் முழிச்சு கேம் விளையாடுறல்ல, அதான்." "தலைக்கு எண்ணெய் வெச்சாத்தானே?" ஒரு பெரியவர் என்னிடம், "போன ஜென்மத்துல ஏதோ பாக்கி இருக்கு தம்பி" என்றே சொன்னார்.

கொஞ்சம் அறிவியலும் தெரிந்துகொள்வோம். முடிக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. முடி வேரில் இருக்கும் செல்கள் அதைச் செய்கின்றன. அந்தச் செல்கள் குறைந்துவிட்டாலோ வேலையை நிறுத்திவிட்டாலோ முடி நிறமில்லாமல் வளர்கிறது. ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன்னால் இது வந்தால் மருத்துவர்கள் இளநரை என்கிறார்கள். பெரும்பாலும் இது பரம்பரை. அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்திருக்கும். சிலருக்கு வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு போன்றவையும் காரணமாகலாம். அதனால் ஒரு தடவை கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சிகரெட் பிடிப்பதற்கும் இளநரைக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. கடுமையான மன உளைச்சல் எலிகளின் முடியை நரைக்க வைத்ததை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு, நரைத்தவன் எல்லாம் கவலைப்படுகிறவன் என்று முடிவு கட்ட முடியாது.

"ஏன் நரைத்தது?" என்ற கேள்விக்கு பெரும்பாலானவர்கள் விஷயத்தில் பதில் ஒன்றுதான்: அவன் ஒன்றும் செய்யவில்லை. கர்மா என்ற சொல்லை நாம் இங்கே கொண்டுவரக் கூடாது. கர்மக் கொள்கை என் செயலுக்கு நான் பொறுப்பேற்பதற்காகச் சொல்லப்பட்டது. அடுத்தவன் தலையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதற்கு அது கருவி அல்ல.

நம் கதைகள் என்ன சொல்கின்றன?

நரையைப் பற்றி நம் முன்னோர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். கம்பர், தசரதன் காதருகே வந்த ஒரு நரைமுடியைப் பாடுகிறார். அதைக் கண்டதும்தான் இராமனிடம் ஆட்சியை ஒப்படைக்க நேரம் வந்துவிட்டது என்று மன்னன் முடிவெடுக்கிறான். புறநானூற்றில் பிசிராந்தையார் இதற்கு நேர் எதிர். இத்தனை வயதாகியும் உங்களுக்கு நரை இல்லையே என்று கேட்டவர்களுக்கு, தம் மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் எல்லாரும் நல்லவர்களாக அமைந்ததைக் காரணமாகச் சொல்கிறார்.

இரண்டும் அழகானவை. ஆனால் இரண்டும் வயதானவர்களின் கதைகள். தசரதனுக்கு நரை ஒரு தூது. 21 வயதுத் தம்பிக்கு அது என்ன தூது சொல்லும்? அவனிடம் ஒப்படைக்க ஆட்சி இல்லை. காருக்கு இன்ஸ்டால்மெண்ட்தான் இருக்கிறது. பிசிராந்தையார் கதையைத் திருப்பிப் போட்டால், நரைத்தவனுக்கு வீடு சரியில்லை என்றாகிவிடும். அவன் அம்மா அதைக் கேட்டால் எவ்வளவு வேதனைப்படுவார்!

இளமையில் நரைத்தவனின் கதை மகாபாரதத்தில்தான் இருக்கிறது. யயாதி கதை எல்லாருக்கும் தெரியும். சுக்கிராச்சாரியார் சாபத்தால் யயாதிக்கு அகாலத்தில் முதுமை வந்துவிடுகிறது. யாராவது தங்கள் இளமையைக் கொடுத்து இந்த முதுமையை வாங்கிக்கொண்டால் உண்டு என்ற நிலை. அவன் தன் பிள்ளைகளிடம் கேட்கிறான். மூத்தவன் யது மறுக்கிறான். வெள்ளைத் தாடி, சுருங்கிய தோல், கூட இருக்கிறவர்களே இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறான். அடுத்தடுத்த மூன்று பேரும் மறுக்கிறார்கள். கடைசிப் பிள்ளை பூரு சரி என்கிறான். ஆயிரம் வருடம் தந்தையின் முதுமையைச் சுமக்கிறான். பிறகு யயாதி, ஆசை அனுபவித்தால் அடங்காது என்று உணர்ந்து, இளமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறான்.

வகுப்பில் நாம் எப்போதும் யயாதி கற்ற பாடத்தோடு நிறுத்திவிடுவோம். இந்தத் தடவை நான் பிள்ளைகளைப் பார்த்தேன். இதிகாசம் யதுவின் பயத்தை மறைக்கவில்லை. இளவரசனாக இருந்தும், "எல்லாரும் என்னைக் கேலி செய்வாங்களே" என்று பயந்தான் என்று எழுதி வைத்திருக்கிறது. ஆகவே அந்தப் பயம் நம் காலத்து சினிமாவும் கைப்பேசியும் கொண்டுவந்தது அல்ல. மனிதனுக்கு இயல்பானது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஏற்றுக்கொண்ட பூருவின் வம்சத்தில்தான் பாண்டவர்கள் வந்தார்கள். அது தெரிந்ததுதான். மறுத்த யதுவின் வம்சத்தில் யார் வந்தார்? கண்ணன்! முதுமை வேண்டாம் என்று சொன்னவனுக்குத் தந்தையின் சாபம் கிடைத்தது, அரசுரிமை போனது. ஆனாலும் பகவான் பிறப்பதற்கு அந்தக் குலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். நரையைத் தாங்கிக்கொண்டவனுக்கும் இடம் உண்டு. "என்னால முடியல" என்று சொன்னவனுக்கும் இடம் உண்டு.

அப்படியானால் டை பொய்யா?

தம்பி கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். திருவள்ளுவர் 'கூடாவொழுக்கம்' அதிகாரத்தின் கடைசிக் குறளில், உலகம் பழிக்கும் செயல்களை விட்டுவிட்டால் தலையை மழிப்பதும் வேண்டாம், சடை வளர்ப்பதும் வேண்டாம் என்கிறார். முடியில் அறமும் இல்லை, அறமின்மையும் இல்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். 'வாய்மை' அதிகாரத்தின் தொடக்கத்தில், பிறருக்குத் தீமை தராத சொல்லைத்தான் வாய்மை என்கிறார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "முடி என்ன நிறம்?" என்பதல்ல. "இதனால் யாருக்குத் தீங்கு?" என்பதுதான்.

முருகன் வள்ளியைத் தேடிப் போனபோது கிழவன் வேடம் போட்டார். இளமைக்கே பெயர் போன தெய்வம் நரைத்த தலையோடு போய் நின்றதை நாம் பொய் என்று சொல்வதில்லை, திருவிளையாடல் என்கிறோம். சாமிக்கு அலங்காரம் செய்கிறோம். நாம் பொட்டு வைக்கிறோம், வேட்டி கட்டுகிறோம். டையும் அலங்காரமாக இருக்கலாம். அதில் தவறில்லை.

ஆனால் என்னுடையது அலங்காரமாக இருக்கவில்லை. அதை எனக்குக் காட்டியது என் மனைவி. பெண் பார்க்கப் போனபோதும், நிச்சயதார்த்தம் முடிந்து எட்டு மாதம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோதும் நான் சொல்லவில்லை. கல்யாணம் ஆகி இரண்டாவது மாதம், தாழ்ப்பாள் போட மறந்த ஒரு நாளில் அவர் பார்த்துவிட்டார். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அழுதார்.

"முடிக்காக இல்லங்க. எங்க அப்பாவுக்கே இளநரைதான், எனக்கென்ன அதுல? இத்தன மாசம் பேசியும் இதக்கூட சொல்லலன்னா, வேற எதையெல்லாம் சொல்லாம இருப்பீங்கன்னுதான் பயமா இருக்கு."

தீங்கு எங்கே இருந்தது என்று அன்று தெரிந்தது. அது தலையில் இல்லை. தாழ்ப்பாளில் இருந்தது. அவர் எல்லாவற்றையும் என்னோடு பகிர்ந்துகொண்டிருந்தார். நானோ அவரை ஒரு சோதனை அதிகாரியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடிய சோதனை ஒன்றே ஒன்று. நீங்கள் டை அடித்திருப்பதை, உங்களுக்கு நெருக்கமானவர் கேட்டால் சாதாரணமாகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது அலங்காரம், தாராளமாக அடியுங்கள். முடியாது, நெஞ்சு படபடக்கிறது என்றால், முடியை விடுங்கள். அந்தப் பயத்தைக் கொஞ்சம் பாருங்கள். அது நாளைக்கு வேறு விஷயத்திலும் உங்களைப் பொய் சொல்ல வைக்கும். (அடிக்கிறவர்கள் முதலில் தோலில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். சிலருக்கு டையில் இருக்கும் ரசாயனம் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும்.)

உபதேசம் எப்போது உபதேசம்?

"உடம்பு நாம் அல்ல" என்பது நம் சமயத்தின் மிக உயர்ந்த உண்மைகளில் ஒன்று. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், இந்த உடலில் பிள்ளைப் பருவமும் இளமையும் முதுமையும் மாறி மாறி வருவதைச் சொல்லி, உள்ளே இருப்பவன் மாறுவதில்லை என்று கண்ணன் விளக்குகிறான். ஆனால் எப்போது? அர்ஜுனன் அழுது, நடுங்கி, வில்லைக் கீழே போட்டு, மனதில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு. முதல் அத்தியாயத்தின் பிற்பகுதி அர்ஜுனன் வேதனைதான். கண்ணன் பொறுமையாகக் கேட்டான்.

நான் கேட்கவில்லை. தம்பி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே ஆன்மாவை எடுத்து அவன் வாயை அடைத்துவிட்டேன். அவன் வலியைப் பார்த்தால் என் வலியையும் பார்க்க வேண்டிவரும். அதற்குப் பயந்து தத்துவத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் அடித்த டையிலேயே பெரிய டை அதுதான்.

பிறகு

இந்த வருடத் தைப்பூசத்துக்கு மன்றத்திலிருந்து பத்துமலைக்குப் போனோம். தம்பியும் வந்தான். அடிவாரத்தில் முடி இறக்கும் இடத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். முடி கீழே விழுந்து கிடந்தது. என்னுடையது, அவனுடையது, ஒரு கைக்குழந்தையுடையது, ஒரு தாத்தாவுடையது என எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. சந்தனம் பூசிக்கொண்டு 272 படி ஏறினோம். அன்று எல்லாத் தலையும் ஒரே நிறம்.

ஆனால் முடி மறுபடி முளைக்கும். முளைத்தபோது நான் டை அடிக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு சூப்பர்மார்க்கெட்டில், என்னை விட மூத்தவராகத் தெரிந்த ஒரு மலாய்க்காரர் என்னை 'பாக்சிக்' என்று கூப்பிட்டார். இன்னும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் வித்தியாசம்.

தம்பி? அவன் டை அடித்திருக்கிறான்! வகுப்புக்குத் திரும்பி வந்த அன்று பிள்ளைகள் கேட்பதற்கு முன்னால் அவனே, "அண்ணா கலர் அடிச்சிருக்கேன், எப்படி இருக்கு?" என்று கேட்டான். அன்று தாத்தா என்று கூப்பிட்ட அதே பையன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி கொஞ்சம் விட்டுப்போச்சுண்ணா" என்றான். அவனும் சிரித்தான். இந்தத் தடவை உண்மையாகவே சிரித்தான். யார் யது, யார் பூரு என்று எங்களுக்குள் ஒரு கேலிப் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று பிள்ளைகள் முன்னால் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எட்டு வயதுப் பையனுக்குத் தெரியாது. அவனைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். என் தலையிலும் அதே நரை இருந்தது. இருந்தும் என் தலை கறுப்பாகத் தெரிகிறது என்ற தைரியத்தில் கூடச் சேர்ந்து சிரித்தேன். என் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு டை அல்ல, அந்தச் சிரிப்புதான்.

தம்பிகளே, நம் மன்றங்களில் கேலி பேசுவது ஒரு பாசம் மாதிரி ஆகிவிட்டது. குண்டன், கறுப்பன், சொட்டை, தாத்தா என்று கூப்பிடுவோம். கூப்பிடப்படுகிறவனும் சிரிப்பான். சிரிக்கவில்லை என்றால், "சென்சிட்டிவ்" என்று இன்னொரு பட்டம் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு யாராவது ஒருவன் வரவில்லை என்றால், "ஓவர்டைம்" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போனால், முதலில் கேளுங்கள். ஆன்மாவைப் பற்றிப் பிறகு பேசலாம்.